இடிபட்ட அரங்கும் எழுப்பப்படாத கேள்வியும்

பழைய கட்டடமொன்றை இடிப்பதா, பேணுவதா என்ற வினா எழும்போதெல்லாம் இரு அணியினர் தோன்றுவர். ஒரு சாரார் வளர்ச்சியின் பெயரால் பேசுவர். மறுசாரார் மரபின் பெயரால் பேசுவர். முன்னவர் கையில் கணக்கேடு இருக்கும். பின்னவர் கண்ணில் நீர் இருக்கும். ஒருவரையொருவர் எவ்வளவு வன்மையாகத் தாக்கிக்கொண்டாலும், ஒரு விடயத்தில் மட்டும் இருவரும் பெரும்பாலும் ஒன்றுபட்டே நிற்பர். அக்கட்டடத்துள் எவர் இருந்தனர், எவ்விடத்தில் இருந்தனர், அது போனபின் அவர் எங்கே போவர் என்ற கேள்வியை இருவருமே முதலிடத்தில் வைப்பதில்லை. அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் 1987 முதல் 2009 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த ஒரு பெரும் வாதத்தை இக்கண்கொண்டு நோக்குவதே எமது எண்ணம். வாதத்துக்குரிய பொருள் 'ரைகர் ஸ்ரேடியம்' எனப்பட்ட பேஸ்போல் அரங்கு.

அமெரிக்காவின் பேஸ்போல் அரங்கைப் பற்றி எமக்கென்ன என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் டெற்றொயிற் சாதாரண நகரமன்று. உலகின் மோட்டார்க் கைத்தொழிலுக்குத் தாய்மனை அது. 1950இல் ஏறத்தாழ 18½ இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரம் 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது 7 இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. தொழிலாளர் பெருகிய காலத்தில் எழுந்து, அவர்கள் சிதறிய காலத்தில் வீழ்ந்த அரங்கொன்றின் கதையில், கலையையும் சமுதாயத்தையும் பிரித்துப் பார்க்கவியலாது என்று கருதுவோர் கற்கவேண்டியவை பல உள. மேலும், பேஸ்போலில் ஒரு விசேடம் உண்டு. கிரிக்கெற்றைப் போலவே அதுவும் பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது. ஆனால் மைதானத்தின் வெளிச்சுவர் எத்தனை அடி தூரத்தில் நிற்கவேண்டும் என்பது அரங்குக்கு அரங்கு வேறுபடும். ஓர் அரங்கில் எளிதாகப் பிடிபடும் பந்து இன்னோர் அரங்கில் சுவரைத் தாண்டிவிடும். ஆகவே கட்டடமும் ஆட்டத்தில் ஒரு பாத்திரமாகிவிடுகின்றது.

மிச்சிக்கன் சாலையும் ட்றம்புல் சாலையும் சந்திக்கும் மூலையில் 1896 முதலே பேஸ்போல் ஆடப்பட்டு வந்தது. அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்களால் 'கோர்க்டவுன்' எனப் பெயர்பெற்ற பகுதி அது. அம்மூலையில் உருக்கும் கொங்கிறீற்றும் கொண்டு எழுப்பப்பட்ட புதிய அரங்கு 1912 ஏப்ரில் 20ஆம் நாள் முதல் ஆட்டத்தைக் கண்டது. அதே நாளில்தான் பொஸ்ரன் நகரில் 'பென்வே' அரங்கிலும் முதல் ஆட்டம் நடந்தது. இந்த இரட்டைப் பிறவியைப் பின்னர் கவனிப்போம். முதலில் உரிமையாளர் நேவினின் பெயரையும், 1938 முதல் அடுத்த உரிமையாளர் பிறிக்ஸின் பெயரையும் தாங்கிய அரங்கு, 1961இல்தான் 'ரைகர் ஸ்ரேடியம்' ஆயிற்று. 1912இல் 23,000 பேர் இருக்கத்தக்கதாயிருந்த அது படிப்படியாக வளர்ந்து, 1938இல் நாற்புறமும் இரண்டு தட்டுகளால் சூழப்பட்ட பேரரங்காயிற்று. இறுதிக் காலத்தில் 52,000 பேருக்கு மேல் அங்கு அமரலாம்.

இவ்வரங்கின் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் அவசியம். ஏனெனில், வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. வாதித்தவர்களோ விரைந்து கடந்துபோன இடமும் இதுவே. மேல்தட்டைத் தாங்குவதற்காகக் கீழ்த்தட்டின் இருக்கைகளுக்கிடையே வரிசையாகத் தூண்கள் நின்றன. தூணுக்குப் பின்னே அகப்பட்டவர் கழுத்தை நீட்டி நீட்டித்தான் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். இதனை மறுப்பாரில்லை. அரங்கை இடிக்கவேண்டும் என்போர் முதலில் சுட்டிக்காட்டிய குறையும் இதுதான். ஆனால் அத்தூண்கள் ஏன் அங்கு நின்றன? மேல்தட்டைக் கீழ்த்தட்டுக்கு நேர்மேலே, மைதானத்தின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்துவதற்காக. அதனால் மேல்தட்டில் மலிவான சீட்டோடு இருந்தவரும் ஆட்டக்காரனின் முகத்தைக் காணமுடிந்தது. அவன் கூவியது காதில் விழுந்தது. தூண்களை அகற்றினால் மேல்தட்டைப் பின்னே தள்ளவேண்டும். இரண்டு தட்டுகளுக்குமிடையே செல்வர்க்கான சொகுசு அறைகளை வரிசையாக நுழைத்தாலோ மேல்தட்டு இன்னும் மேலே ஏறும். புதிய அரங்குகளில் நடந்தது இதுவே. பார்வையாளரிற் பலரின் பார்வையை மறைத்த தூண்களைக் குற்றஞ்சாட்டியவர்கள், பல்லாயிரவரைத் தொலைவுக்குத் தள்ளிய 'தூணற்ற' மேல்தட்டைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஒரு தூண் எவருக்கு மறைப்பு, எவருக்குத் தாங்கல் என்று கேட்டிருந்தால் வாதம் வேறு திசையிற் சென்றிருக்கும்.

வலப்புறத்து மேல்தட்டு கீழ்த்தட்டைவிடப் பத்தடி முன்னே நீண்டு மைதானத்தின்மேல் தொங்கிக்கொண்டு நின்றது. பின்னால் ட்றம்புல் சாலை, அதற்குமேல் இடமில்லை. எனவே கட்டடம் பின்னே போகாது முன்னே குனிந்தது. கீழே காத்திருக்கும் ஆட்டக்காரனின் கைக்கு வரவேண்டிய பந்து, மேலே இருந்த பார்வையாளனின் மடியில் விழுந்துவிடுவதும் உண்டாம்! மைதானத்தின் ஆழத்தில், 440 அடி தூரத்துச் சுவரருகே, ஆடுகளத்துக்கு உள்ளேயே 125 அடி உயரக் கொடிக்கம்பமொன்று நின்றது. அச்சுவருக்குப் பின்னே முதுகுசாய வசதியில்லாத நீண்ட ஆசனங்கள். எமது சினிமாக் கொட்டகைகளின் 'கலரி'யை நினைவூட்டும் அவ்வாசனங்களில் பல்லாயிரம்பேர் சொற்ப பணத்துக்கு ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். அமைப்பென்பது அலங்காரமன்று, மனிதரிடையேயுள்ள உறவின் ஒழுங்கு என்று கொண்டால், இவ்வரங்கை ஒரு நல்ல கட்டடம் என்று சொல்வதற்கு நாம் தயங்கவேண்டியதில்லை.

இனி வாதத்துக்கு வருவோம். 1987இல் 'ரைகர் ஸ்ரேடியம் இரசிகர் கழகம்' தோன்றியது. 1988 ஏப்ரில் 20ஆம் நாள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைகோத்து அரங்கைச் சுற்றிவளைத்து அதனைத் தழுவிநின்றனர். 1989இல் அமெரிக்க அரசின் வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் அரங்கு சேர்க்கப்பட்டது. பதிவேட்டில் ஏறிய கட்டடம் இடிபடாது என்று நினைப்பவர் உளர். அது வெறும் மயக்கம். அப்பதிவு தனியே ஒரு செங்கல்லையும் காப்பாற்றுவதில்லை. 1990இல் கட்டடக் கலைஞரான கணவனும் மனைவியும் ஒரு திருத்தத் திட்டத்தை வரைந்து தந்தனர். மலிவான இருக்கைகளைக் குலைக்காது நவீன வசதிகளைச் சேர்க்க ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் டொலர் போதும் என்பது அவர்தம் கணிப்பு. பத்தாண்டுகளின் பின் திறக்கப்பட்ட புதிய அரங்குக்கோ ஏறத்தாழ 30 கோடி டொலர் செலவாயிற்று. அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானது பொதுப்பணம். உரிமையாளர்கள் அத்திருத்தத் திட்டத்தை ஏற்கவில்லை. அக்காலத்து உரிமையாளர் இருவருமே பீற்சா வியாபாரத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள் என்பதை இங்கு குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. 1983இல் வாங்கிய ரொம் மொனகன் 1992இல் தம் போட்டியாளரான மைக் இலிச்சுக்கு விற்றார். நகரின் கார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட, அதன் பெருந்தனக்காரர் யாவர் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையும் மாறிவிட்டதை இது காட்டும்.

புதிய அரங்கு வேண்டும் என்று முதலில் உரத்துக் கூறிய பொதுமனிதர் எவர் என்று பார்த்தால் முற்போக்கு வாசகருக்குச் சங்கடமுண்டாகும். நகரின் முதலாவது கறுப்பின மேயரான கோல்மன் யங் அவர். 1952இல் 'அமெரிக்கருக்கொவ்வாத செயல்களை' விசாரிக்கவந்த காங்கிரஸ் குழுவின் முன்னே தலைவணங்காது நின்று, கறுப்பின மக்களைக் குறிக்கும் சொல்லைச் சரியாக உச்சரிக்குமாறு விசாரணையாளருக்கே பாடம் புகட்டிய தொழிற்சங்கவாதி. 1974 முதல் இருபது ஆண்டுகள் மேயராயிருந்த அவர், பழைய அரங்கின்மீது அனுதாபம் எதுவும் காட்டவில்லை. இதனை அதிகாரம் தந்த மாற்றமென்றோ முதலாளிமார்க்கு அடிபணிந்ததென்றோ எளிதாகக் கூறிவிடலாம். நாம் அவ்வாறு கூறத் துணியோம். அவரும் அவரைத் தெரிவுசெய்த மக்களும் அவ்வரங்கைப் பற்றி எதை நினைவில் வைத்திருந்தனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அரங்கைக் காக்க எழுந்த எழுத்துக்களிலும் பேச்சுக்களிலும் மீண்டும் மீண்டும் வந்த சித்திரம் ஒன்றுண்டு. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுவன் இருண்ட படிக்கட்டில் ஏறுகின்றான். ஏறி முடிந்ததும் திடீரெனப் பச்சைப் புல்வெளி கண்முன் விரிகின்றது. அழகிய சித்திரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிறுவன் யார்? 1930களிலும் 40களிலும் அப்படி ஏறிய சிறுவன் கறுப்பினத்தவனாயின், அவன் கண்ட பச்சை மைதானத்தில் அவனைப்போன்ற ஒருவன் உள்ளூர் அணியின் உடையணிந்து நிற்பதைக் கண்டிருக்கமாட்டான். ஜக்கி ரொபின்சன் 1947இல் புறூக்ளின் அணியில் சேர்ந்து நிறத்தடையை உடைத்தார். டெற்றொயிற் அணியிலோ முதற் கறுப்பின ஆட்டக்காரரான ஒஸி வேர்ஜில் 1958 யூன் மாதத்திலேயே இடம்பெற்றார். டொமினிக்கன் குடியரசிற் பிறந்தவர் அவர். பதினாறு அணிகளில் பதினைந்தாவதாக இவ்வணி கதவைத் திறந்தது. அதற்கு ஆறாண்டுகளின் முன்பே வோல்ற்றர் பிறிக்ஸ் இறந்துவிட்டார் என்றாலும், அவர் பூட்டிய பூட்டு அவருக்குப் பின்னும் துருப்பிடித்து நின்றது.

இந்தப் பிறிக்ஸ் யார்? கார்களுக்கு உடற்கூடு செய்துகொடுத்த பெருந்தொழிலதிபர். 1933 சனவரியில் கூலிவெட்டைத் தாங்கமுடியாது அவருடைய தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். உற்பத்தி நின்று யந்திரத்தின் முன் வெறுமனே காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்பது அவர்கள் முறைப்பாடுகளுள் ஒன்று. உடற்கூடுகள் வராமையால் போர்ட் கம்பனியே தன் உற்பத்தியை நிறுத்தநேர்ந்தது. ஐந்தாண்டுகளின் பின் அதே முதலாளி பெரும்பணத்தைக் கொட்டி அரங்கைப் பேரரங்காக்கினார். அமெரிக்கன் லீக்கின் எல்லா அரங்குகளிலும் இரவு விளக்குகள் ஏற்றப்பட்ட பின்னரே, கடைசியாக, 1948இல், அங்கு விளக்கேறியது. பகல்முறை வேலைசெய்யும் தொழிலாளிக்கு வாரநாள் ஆட்டம் அதுவரை எட்டாக்கனியே. ஆகவே 'தொழிலாளர் அரங்கு' என்ற புகழ்மாலையை அக்கட்டடத்துக்குச் சூட்டுவோர் சற்று நிதானிக்கவேண்டும். தொழிலாளரின் உழைப்பால் எழுந்தது, தொழிலாளர் நிறைந்திருந்தனர், ஆனால் அவர்கள் வசதியை எண்ணி எழுப்பப்பட்டதன்று.

இக்கதையின் மிகக் கசப்பான இழை நோர்மன் ஸ்ரேர்ன்ஸ் என்பவரின் வாழ்க்கை. கறுப்பினத்தார் தமக்கெனத் தனியே நடத்திய லீக்குகளில் தலைசிறந்த மட்டைவீரருள் ஒருவர். 1923 முதல் 'டெற்றொயிற் ஸ்ரார்ஸ்' என்ற அணிக்கு ஆடினார். ஆட்டத்தில் வரும் வருமானம் போதாமையால் குளிர்காலத்தில் கார்த் தொழிற்சாலையில் வேலைசெய்தார். எவருடைய தொழிற்சாலை? பெரும்பாலும் பிறிக்ஸினுடையது. பிறிக்ஸுக்காக உழைக்க அவர் கரங்கள் ஏற்றவை. பிறிக்ஸின் அணிக்காக மட்டை பிடிக்க அதே கரங்கள் ஏற்றவையல்ல. 1979இல் அவர் மறைந்தார். பேஸ்போலின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். இந்த ஒரு மனிதரின் கதை அரங்கைப் பற்றிய எந்தக் கண்ணீர்க் கட்டுரையிலும் முதற்பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாயிருந்த நகரில், அவர்தம் நினைவைப் புறத்தே வைத்துவிட்டு 'எமது அரங்கு' என்று முழங்கினால், அந்த 'எம'துள் தாம் அடங்குவோமா என்று அவர்கள் ஐயுறுவது இயல்பே.

இதற்கு மாறாக, 1967இன் கிளர்ச்சியில் 43 உயிர்கள் பலியாகி நகரம் எரிந்ததையும், மறு ஆண்டு ரைகர்ஸ் அணி உலகத் தொடரை வென்றதையும் இணைத்து, 'பேஸ்போல் நகரின் புண்ணை ஆற்றியது' என்று எழுதுவோர் பலர். கிளர்ச்சி தொடங்கிய நாளில், நகரிலேயே வளர்ந்த கறுப்பின ஆட்டக்காரர் வில்லி ஹோர்ட்டன் ஆட்டம் முடிந்ததும் அணியுடையோடு தெருவுக்குச் சென்று மக்களை அமைதிப்படுத்த முயன்றார் என்பது உண்மை. அது ஒரு மனிதரின் துணிவு. வெற்றிக் கிண்ணம் புண்ணை ஆற்றியது என்பதோ கட்டுக்கதை. வெற்றிவிழா முடிந்தபின் வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தது நின்றுவிடவில்லை. வேலைகள் வெளியேறியதும் நின்றுவிடவில்லை. புண்ணை மறைத்த துணியை மருந்தென்று கூறுதல் விமர்சகர்க்கு அழகன்று.

ஆனால் இவ்வளவும் கூறியபின் 'அப்படியாயின் இடித்ததே சரி' என்ற முடிவுக்கு வருபவரோடு நாம் உடன்படோம். 1990 யூன் 28ஆம் நாள், சிறையினின்றும் வெளிவந்து ஐந்து மாதம்கூட ஆகாத நெல்சன் மண்டேலா, அதே அரங்கில், பல்லாயிரம் மக்கள் முன் நின்று பேசினார். பிறிக்ஸ் கறுப்பினத்தவனுக்கு மறுத்த மைதானத்தில் தென்னாபிரிக்க விடுதலையின் குரல் ஒலித்தது. ஒரு கட்டடம் தன்னைக் கட்டியவனுக்கே என்றும் உரித்தாயிருப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இழிவையும் அதன் முறியடிப்பையும் ஒரே சுவருக்குள் வைத்திருந்தது அவ்வரங்கு. பேணுவதற்கான வலிமை மிக்க நியாயம் அதுவே. சிறுவனும் தந்தையும் படியேறிய சித்திரத்தோடு ஸ்ரேர்ன்ஸின் தொழிற்சாலையும் மண்டேலாவின் மேடையும் சேர்ந்திருந்தால், இரசிகர் கழகத்தின் அணியில் இன்னும் பலர் நின்றிருப்பர் என்பது எமது துணிபு.

இரசிகர் கழகத்தார் மலிவான, அண்மையான இருக்கைகளின் சிறப்பை அறியாதவர் அல்லர்; அதனை வற்புறுத்தியும் இருக்கின்றனர். 1992இல் நகர நிதியைப் புதிய அரங்குக்குச் செலவிடலாகாது என்ற பிரேரணை மக்கள் வாக்கெடுப்பில் வென்றமைக்கு அவர்கள் உழைப்பே பெருங்காரணம். ஆயினும் நான்கே ஆண்டுகளின் பின், 1996 மார்ச்சில், அதே நகரத்து வாக்காளர் பெரும் பெரும்பான்மையாற் பொதுநிதிக்கு இசைந்தனர். இடையில் மேயரும் மாறினார், உரிமையாளரும் மாறினார். புதிய உரிமையாளர் இலிச் பழமையின் பகைவர் என்றும் சொல்வதற்கில்லை. நகர மையத்தில் பாழடைந்து கிடந்த, 1928இல் கட்டப்பட்ட 'பொக்ஸ்' திரையரங்கை 1988இல் புதுக்கித் திறந்தவரே அவர். அவரது பேஸ்போல் அணியும் நகர மையத்துக்கு வந்தால் அங்கு வாழ்வு திரும்பும் என்ற நம்பிக்கையை வேலையற்ற மக்கள் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன? கண்ணீருக்கும் வேலைவாய்ப்புக்கும் இடையே தெரிவுசெய் என்று கேட்டால் ஏழை எதைத் தெரிவுசெய்வான்?

அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதை அறிஞர் அக்காலத்திலேயே ஆராய்ந்திருந்தனர். பொருளியலாளரான றொஜர் நொல், அன்ட்று ஸிம்பலிஸ்ற் ஆகியோர் பதிப்பித்து 1997இல் புறூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'விளையாட்டு, வேலை, வரி' என்ற பொருள்படும் தலைப்புடைய நூல், பொதுப்பணத்தில் எழும் அரங்குகள் நகரின் பொருளாதாரத்தைக் குறிப்பிடத்தக்கவாறு வளர்ப்பதில்லை என்று காட்டியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ஆட்டத்துக்குச் செலவிடும் குடும்பம் அப்பணத்தை வேறோரிடத்திற் செலவிட்டிருக்கும். அரங்கில் கிடைக்கும் வேலையோ ஆண்டில் எண்பத்தொரு நாள் ஆட்டத்துக்குச் சிற்றுண்டி விற்பது போன்றது. 2013 யூலை 18ஆம் நாள் டெற்றொயிற் மாநகரம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அதற்கு ஆறு நாட்களின் பின், அதே இலிச் குடும்பத்தின் பனிக்கட்டி ஹொக்கி அணிக்குப் புதிய அரங்கெழுப்பக் கடன்பத்திரம் வெளியிட மாநில நிறுவனமொன்று அனுமதி வழங்கியது! ஓய்வூதியக்காரர் தம் ஓய்வூதியம் எவ்வளவு வெட்டப்படுமோ என்று கலங்கிக்கொண்டிருந்த வாரம் அது.

புதிய பேஸ்போல் அரங்கு 2000 ஏப்ரிலில் திறக்கப்பட்டது. பெயர் 'கொமேரிக்கா'. ஒரு வங்கி முப்பது ஆண்டுகளுக்கு 6 கோடி 60 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கிய பெயர். ஏழாண்டுகளில் அவ்வங்கி தன் தலைமையகத்தையே டெக்ஸஸ் மாநிலத்து டலஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டது. பெயர்ப்பலகை மட்டும் டெற்றொயிற்றில் மின்னிற்று. பழைய அரங்கைவிட ஏறத்தாழ 12,000 இருக்கைகள் குறைவு. சொகுசு அறைகளோ ஏராளம். ஆனால் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது அதன் தோற்றத்தை. வாயிலில் கல்லில் வடித்த வேங்கைகள், சுவரோரத்தில் பழைய வீரர்களின் சிலைகள், ஒவ்வொரு பத்தாண்டையும் நினைவூட்டும் காட்சிப்பொருள்கள், செங்கல்லிற் பழமைச் சாயல். 1992இல் பால்ரிமோர் நகரின் 'கம்டன் யாட்ஸ்' அரங்கோடு தொடங்கிய பழமைப் பாணி இதுவே. பழையதை இடித்தவர்களே பழமையை விற்பவர்களானார்கள். பேணுவோர் நினைவையே தம் முதன்மையான ஆயுதமாகக் கொண்டமையால், 'நினைவுதானே வேண்டும், இதோ சிலையாகத் தருகின்றோம்' என்று மறுதரப்பார் எளிதாக விடைகூறிவிட்டனர். 'மைதானத்தருகே மலிவான இருக்கை வேண்டும்' என்ற கோரிக்கை முன்னே நின்றிருந்தால் அதற்குச் சிலையால் விடை கூறியிருக்க முடியாது.

பழைய கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டால் மட்டும் போதுமா? இரட்டைப் பிறவியான பென்வேயைப் பார்ப்போம். 1999இல் அதன் உரிமையாளரும் புதிய அரங்குத் திட்டத்தை அறிவித்தனர். பொஸ்ரன் மக்களும் இயக்கம் நடத்தினர். 2002இல் அணியை வாங்கிய புதியவர்கள் பழையதையே திருத்திக்கொள்ளத் தீர்மானித்தனர். அதே வயது, அதே தூண்கள், அதே நெருக்கடி, அது நிற்கின்றது. ஆகவே டெற்றொயிற்றில் இடித்தது காலத்தின் கட்டாயம் என்ற கூற்று பொய். ஆனால் திருத்தப்பட்ட பென்வேயில் நுழைவுச்சீட்டின் விலை பல ஆண்டுகளாக நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. புகழ்பெற்ற பச்சைச் சுவரின்மேலும் 2003இல் விலையுயர்ந்த ஆசனங்கள் ஏறின. செங்கல் காப்பாற்றப்பட்டது, செங்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தவன் வெளியேறினான். கட்டடத்தைப் பேணுதலும் அதனுள்ளிருந்த உறவைப் பேணுதலும் ஒன்றல்ல என்பதற்குப் பொஸ்ரன் சாட்சி.

டெற்றொயிற்றின் பழைய அரங்கில் கடைசி ஆட்டம் 1999 செப்ரெம்பர் 27ஆம் நாள் நடந்தது. பழுதடைந்துவிட்டது எனப்பட்ட அரங்கு கடைசி நாள்வரை மக்களைத் தாங்கிற்று. அதன்பின் ஒன்பதாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. இடையில் ஒரு திரைப்படத்துக்காக வர்ணம் பூசப்பட்டு நியூயோர்க் அரங்காக வேடம்பூண்டதும் உண்டு. வேலையிழந்த நடிகனைப் போல! 2008 யூன் இறுதியில் இடிப்பு ஆரம்பமாயிற்று. 1912இன் மூலப் பகுதியையேனும் காக்கலாம் என்று ஒரு குழுவினர் போராடினர். செனற்றர் கார்ல் லெவினின் முயற்சியால் 38 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டும் நகர நிர்வாகம் பொறுத்திருக்க மறுத்தது. 2009 செப்ரெம்பர் 21இல் கடைசிச் சுவரும் வீழ்ந்தது. 125 அடிக் கொடிக்கம்பம் மட்டும் எஞ்சியது.

வேலி போட்டு மூடப்பட்ட அந்நிலத்தில் ஆளுயரத்துக்குக் களை வளர்ந்தது. 2010இல் சில சாதாரண மனிதர்கள் தம் வீட்டுப் புல்வெட்டும் யந்திரங்களோடு உள்ளே நுழைந்து களையைப் பிடுங்கி, மைதானத்தை மீட்டெடுத்தனர். எவரும் அவர்களை அழைக்கவில்லை, கூலியும் இல்லை. அங்கே பிள்ளைகள் ஆடினர். எவரும் வந்து ஆடலாம், சீட்டில்லை. இடிபடுமுன் நடந்த வாதத்தில் தெளிவாக எழுப்பப்படாத கேள்விக்கு, இடிபட்டபின் கிடைத்த விடை இதுவென்றே நாம் கொள்கின்றோம். பின்னர் அந்நிலத்தில் சிறுவர்க்கான விளையாட்டு நிறுவனமொன்று கட்டடமும் மைதானமும் அமைத்தது. 2018இல் திறக்கப்பட்ட அம்மைதானம் வில்லி ஹோர்ட்டனின் பெயரைத் தாங்குகின்றது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்ட மண்ணின்மேல் செயற்கைப் புற்றரை விரிக்கப்பட்டது. களைபிடுங்கியோர் அதனை எதிர்த்தும் பயனில்லை. அவர்கள் பக்கம்தான் நாமும் நிற்போம். எனினும் சிறுவர்கள் மழைக்காலத்திலும் ஆடவேண்டும் என்ற மறுதரப்பின் வாதத்தை வெறும் வியாபாரமென்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

அத்தொண்டர்கள் தம் யந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போயினர். டெற்றொயிற்றால் சூழப்பட்ட ஹாம்ட்றாமிக் என்ற சிறு நகரம் அது. ஒருகாலத்தில் போலந்திலிருந்து வந்த கார்த் தொழிலாளர் நிறைந்த ஊர்; அண்மைக் காலத்தில் யேமன் நாட்டவரும் வங்காளதேசத்தவரும் மிகுதியாய்க் குடியேறிய ஊர். அங்கே 1930இல் கட்டப்பட்ட சிறிய அரங்கொன்று தகரம் பெயர்ந்து, செடி மூடி, கவனிப்பாரற்றுக் கிடந்தது. டெற்றொயிற் ஸ்ரார்ஸ் அணி ஆடிய அரங்கு. கறுப்பின லீக்குகளின் அரங்குகளுள் இடிபடாது எஞ்சிய மிகச் சிலவற்றுள் ஒன்று. 2012இல் அது தேசியப் பதிவேட்டில் ஏறியது. 2022இல் அதன் பார்வையாளர் மண்டபம் புதுக்கித் திறக்கப்பட்டது. மைதானத்துக்கு இடப்பட்டுள்ள பெயர் நோர்மன் ஸ்ரேர்ன்ஸ்.